பொந்துக்குள் பூஜ்யம்

போன மாதம் நீங்கள் எடுத்த ஏரிப் பறவைக் கணக்கை ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். சரிதான், வேறு வேலை இல்லை. உட்கார்ந்து பார்த்தேன். முக்குளிப்பான் இருபத்தாறு, நாமக்கோழி நாற்பத்தொன்று, நீர்க்காகம் பதினெட்டு. கூட்டல் சரியாக இருக்கிறது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் குள்ளத்தாரா என்ற வரிக்கு எதிரே ஐந்து ஏரிகளுக்கும் கட்டம் காலியாக இருக்கிறது.

காலி என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? தேடினீர்கள், இல்லை என்றா? அல்லது வெயில் ஏறிவிட்டது, டீக்கடைக்குப் போய்விட்டீர்கள் என்றா?

வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மா என்னைவிட ஆறு வயது இளையவர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தாளைத் தலைகீழாகத் திருப்பி என் பக்கமே நகர்த்தினார். "இந்தக் கட்டத்தில் இருப்பது பூஜ்யமா, சோம்பலா?" என்று கேட்டார். "பூஜ்யம் போடவேண்டுமென்றால் நீங்கள் அங்கே போய்ப் பார்த்திருக்க வேண்டும். காலியாக விடுவதற்கு மாரெட்பள்ளியில் உங்கள் வீட்டிலேயே படுத்திருக்கலாம்." அன்று முதல் ஒரு கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை. ஆனால் அவர் சொன்னதன் முழு எடை தெரிந்தது, ஓய்வுக்கு முந்தைய மழைக்காலத்தில், இங்கே ஹைதராபாதில், மல்காஜ்கிரியில். அதை எழுதிவிட்டுத்தான் உங்கள் தாளைத் திருப்பி அனுப்புவதாக இருக்கிறேன்.

குள்ளத்தாராவைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். நம் வாத்துகளிலேயே மிகச் சிறியது; ஒரு புறாவைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆண் மழைக்காலத்தில் பளீரென்று வெள்ளையாக, முதுகு கரும்பச்சையாக, கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டையோடு இருக்கும். பெட்டை மங்கல் பழுப்பு; கண்ணை ஒட்டி மை இழுத்தது போல ஒரு கோடு. தாமரையும் அல்லியும் படர்ந்த தண்ணீரில் இலையோடு இலையாகக் கிடக்கும். தரையில் நடக்கத் தெரியாது என்றே சொல்லலாம். கால்கள் பின்னால் தள்ளி அமைந்திருப்பதால் தட்டுத் தடுமாறும். ஆனால் முட்டையிடுவது மரத்தில், உயரத்தில் இருக்கும் பொந்தில். குஞ்சுகள் பொரித்தவுடன் தாய் கீழே போய் நின்று கூப்பிடும். இறகு முளைக்காத குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கீழே குதிக்க வேண்டும்.

மல்காஜ்கிரியில் வீடுகள் நெருக்கிய ஒரு சின்ன ஏரி. கரையைச் சுற்றி நடைபாதை போட மண்ணை வெட்டியபோது ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் ஏரிப் பக்க வேர்களைப் பாதிக்கு மேல் அறுத்துவிட்டார்கள். மரம் மறுபக்கம், வீடுகளின் பக்கம் சாய ஆரம்பித்தது. அதற்கு நேர் கீழே இருந்தது தவமணியின் வீடு. இரண்டு அறை, தகரக் கூரை. முன்னறையில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய பெரிய கிரைண்டர். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து, அந்தக் காலனி முழுவதற்கும் இட்லி மாவு அரைத்து விற்பவர். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கணவர் லாரியில் பாதி மாதம் வெளியூரில். தவமணிதான் மரத்தை வெட்டச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார். வெட்டுவதற்கு முன்னால் மரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

என்னோடு உதவியாளராக வந்த பையன் இன்று உங்களில் மூத்தவர், படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளட்டும். அவர் எழுதியது: குள்ளத்தாரா, ஆண், ஒன்று. மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் அதே ஒன்று, அதே மரத்துக்கு எதிரே, அதே அல்லிக் கூட்டத்தின் ஓரத்தில். மழைக்காலத்தில் ஓர் ஆண் குள்ளத்தாரா தனியாக ஒரே இடத்தில் நின்றால் அது ஒன்று இல்லை. குறைந்தது இரண்டு. இரண்டாவது எங்கோ அடைகாக்கிறது. மூன்றாவது தடவை போன அன்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் ஏரிப் பக்கமாகப் பார்த்திருந்த ஒரு பொந்திலிருந்து, மூன்று ஆள் உயரத்தில், பெட்டையின் தலை எட்டிப் பார்த்தது.

"கம்பு முனையில கேமராவைக் கட்டி உள்ளே விட்டா எத்தனை முட்டைன்னு தெரிஞ்சிடும் சார்" என்றார் என் உதவியாளர்.

எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை இல்லையென்று நினைக்காதீர்கள். என் வீட்டில் அரிசி டப்பாக்களைக்கூட எண்ணி வைத்திருப்பவன் நான். ஆனால் அடைகாக்கும் பெட்டையை ஒருமுறை மிரட்டினால் அது திரும்பி வராமலே போகலாம். வேண்டாம் என்றேன். அந்த "வேண்டாம்" பிறகு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது யோசிக்கவில்லை.

தவமணியிடம் போய் அவகாசம் கேட்டேன்.

"எத்தினி நாளு?"

"பொரிக்கிற வரைக்கும். அதிகம் போனா மூணு வாரம்."

"ராத்திரி மரம் விழுந்தா உங்க வாத்து வந்து எங்களைத் தூக்குமா சார்?"

மரத்துக்கு ஏரிப் பக்கத்திலிருந்து இரண்டு இரும்புக் கயிறு போட்டுக் கான்கிரீட் கட்டைகளில் கட்டச் சொன்னேன். பின்னறையில் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் மரத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "சரி. பொரிச்ச அன்னிக்கே வெட்டணும். மறுநாள்னு சொல்லப்படாது." சரி என்றேன்.

அதற்குள் விஷயம் காலனியின் வாட்ஸாப் குரூப்பில் போய்விட்டது. நான்கைந்து நாளில் பெரிய லென்சு வைத்த கேமராக்கள் வர ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு எண்ணினேன். கயிறு கட்டி அவர்களைத் தள்ளி நிற்கவைத்தேன். மரத்தை யார் வெட்டச் சொன்னது என்பதும் குரூப்பில் வந்துவிட்டது. "கூட்டைக் கொல்லப் பார்க்கிற மாவுக்கடை" என்று ஒருவர் எழுதினாராம். வாடிக்கையாகப் பாத்திரம் கொண்டுவருகிறவர்களில் சிலர் வருவதை நிறுத்தினார்கள். அந்தப் பொந்துக்காகத் தன் தலைக்கு மேல் சாய்ந்த மரத்தை அத்தனை நாளும் பொறுத்துக்கொண்டிருந்தது அவர்தான் என்பதை யாரும் எழுதவில்லை. நான் எழுதச் சொல்லியிருக்கலாம். அந்த குரூப்பில் நான் இல்லை.

ஓர் இரவு நல்ல மழை. காலையில் போனபோது கான்கிரீட் கட்டைகளில் ஒன்று ஈர மண்ணில் இழுபட்டு நகர்ந்திருந்தது. அந்தக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. மரம் தகரக் கூரையின் பக்கம் இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தது. வெட்டும் ஆட்களின் மேஸ்திரி பொக்லைன் வண்டியை வரவழைத்து, அதன் கையில் ஒரு வடத்தைக் கட்டி மரத்தை ஏரிப் பக்கமாக இழுத்துப் பிடித்து நிறுத்தியிருந்தார். மேற்கே வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

"இன்னிக்கு, இப்போ" என்றார் மேஸ்திரி. பழைய ஹைதராபாத் ஆள். அவருடைய தக்காணி உருதுவையும் என்னுடைய தக்காணியையும் இங்கே தமிழில் தருகிறேன். "காத்து வந்தா என் வண்டி தாங்காது."

நான் பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை பெட்டை இரை தேட வெளியே போகவில்லை. ஆண் வழக்கமான இடத்தை விட்டுக் கரைக்கு அருகில் வந்து, கரகரவென்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. "அரை மணி நேரம்" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று கேட்டால் இந்த இரண்டை மட்டும்தான்.

அரை மணி ஆகவில்லை. பெட்டை வெளியே வந்து, மரத்தடியில் சேற்றில் இறங்கி நின்று, மெதுவாகக் கூப்பிட ஆரம்பித்தது. பொந்தின் வாயில் ஒரு கறுப்பு வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. தயங்கியது. குதித்தது. சேற்றில் விழுந்து, ஒரு கணம் அசையாமல் கிடந்து, எழுந்து தாயிடம் ஓடியது. ஒன்று. அடுத்தது ஜல்லிக் குவியலில் பட்டுத் துள்ளி விழுந்தது, அதுவும் எழுந்தது. இரண்டு. கூரையில் இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்தன. தவமணி மாவுக் கரண்டியோடு ஓடிவந்து, "போ, போ, சனியனே" என்று கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து, ஆறு. ஏழாவது குஞ்சு பொந்தின் ஓரத்தில் நெடுநேரம் நின்று, குதித்தது. எட்டு.

பிறகு ஒன்றும் வரவில்லை. தாய் இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டது. அப்புறம் திரும்பி, சேற்றில் மார்பு இழுபட நடந்து தண்ணீரில் இறங்கியது. எட்டும் பின்னால் இறங்கின. ஆண் வந்து சேர்ந்துகொண்டது. கேமராக்காரர்கள் கைதட்டினார்கள், இரண்டு பேர் அழுதார்கள்.

"சார், முடிஞ்சதா?" என்றார் மேஸ்திரி. "இழுக்கட்டுமா?"

"காலி சார்" என்றார் என் உதவியாளர். "தாய் போயிட்டா. உள்ளே இருந்தா விட்டுட்டுப் போவாளா?"

இது நம் தொழிலில் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. பறவையை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் விழுவார்கள். தாய் போய்விட்டது, ஆகவே கூடு காலி. ஆனால் தாய் எண்ணுவதில்லை. எண்ணுவது நாம்தான். அது கொஞ்ச நேரம் கூப்பிடும், வந்ததைக் கூட்டிக்கொண்டு போகும். கடைசியில் பொரித்தது, காலில் வலு வராதது, உள்ளேயே இருக்கலாம். முட்டை எத்தனை என்று தெரிந்திருந்தால் எட்டைக் கழித்துப் பார்த்திருப்பேன். கேமரா வேண்டாம் என்று சொன்னவன் நான். எதிலிருந்து கழிப்பது?

"தெரியாது" என்றேன்.

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரியாதுன்னா? நீங்கதானே சார் பறவை ஆபீசர்?"

வடத்தால் இழுத்தால் மரம் ஏரிப் பக்கம் விழும். பொந்து இருக்கும் பக்கம் அடியில் மாட்டி நொறுங்கும். உள்ளே ஒன்று இருந்தால் அதோடு முடிந்தது. போய்ப் பார்க்க ஒரே வழி, பொக்லைன் பக்கெட்டில் ஓர் ஆளை ஏற்றித் தூக்குவது. பொந்து ஏரிப் பக்கத்தில், சாய்வுக்கு எதிர்ப்புறம் இருந்ததால் ஏறுகிற ஆள் மேல் மரம் விழாது. ஆனால் பக்கெட்டைத் தூக்க வேண்டுமானால் வடத்தை அவிழ்க்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் மரத்தைப் பிடித்திருப்பது மிச்சமிருந்த ஒற்றைக் கயிறு. அது விட்டால் மரம் விழப்போவது தவமணியின் வீட்டின் மேல், கிரைண்டரின் மேல்.

"நக்கோ, வேணாம் சார்" என்றார் மேஸ்திரி. "அவிழ்க்க மாட்டேன். அந்தம்மா வீடு போனா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னது சரி. நான் அங்கே நின்று முடிவு எடுக்கத் தயாராக இருந்தேன்; முப்பது வருட அனுபவம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஏறுவது நான், பார்ப்பது நான், ஆனால் போனால் போவது என்னுடையது எதுவும் இல்லை. தவமணியிடம் போனேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். உள்ளே இருக்கிறதா என்று தெரியாது, அநேகமாக இல்லை. பார்க்க வேண்டுமென்றால் வடத்தை அவிழ்க்க வேண்டும். கயிறு தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது. நீங்கள் வேண்டாம் என்றால் இப்போதே இழுக்கச் சொல்கிறேன்.

அவர் கரண்டியால் முன்னறையைக் காட்டினார். "அந்தக் கிரைண்டரைப் பேர்க்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள காத்து வந்துடும்."

என்னைத் திட்டுவது போலச் சொன்னார்: "இத்தினி நாளா தலைக்கு மேல வெச்சிகினு தூங்காம கெடந்தேன் சார். இப்போ பாக்காம வெட்டிட்டு, நாளைக்கு எவனாவது வந்து, உள்ள ஒண்ணு இருந்துச்சாமேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? பாத்துட்டே வெட்டுங்க. சீக்கிரமா பாருங்க."

வீட்டை விட்டு வெளியே வந்து, தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

வடத்தை அவிழ்த்தபோது மரம் முனகியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பெரிய கதவு ஒன்று தானாகத் திறப்பது போல. கயிறு விறைத்து நடுங்கியது. பக்கெட்டில் குந்தி உட்கார்ந்தேன். டிரைவர் மெதுவாகத்தான் தூக்கினார். எனக்கு அதுவும் வேகமாகத்தான் இருந்தது. கீழே என் உதவியாளர் ஒரு கையைக் கயிற்றின் மேல் வைத்து, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பொந்தின் வாய்க்குள் போன் வெளிச்சத்தைக் காட்டினேன். ஒரு முழம்வரை தெரிந்தது. அதற்கப்புறம் பொந்து கீழே வளைந்து இருட்டாகிவிட்டது. கைதான் விடவேண்டும். இப்படிப்பட்ட பொந்தில் பாம்பு இருக்க எத்தனையோ வாய்ப்பு உண்டு. அதை நான்தான் உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுக் கையை விட்டேன்.

ஈரம். வெதுவெதுப்பு. தாய் தன் மார்பிலிருந்து உதிர்த்துப் பரப்பிய மென்தூவி. ஓடுகள், உடைந்த ஓடுகள். விரலால் வலப்பக்கம் தடவிக்கொண்டே போனேன். ஒன்றுமில்லை. பின்பக்கம், ஒன்றுமில்லை.

"சார், கயிறு!" என்று கீழிருந்து கத்தல் வந்தது. நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது. மரம் கொஞ்சம் அசைந்ததை என் தோளே சொன்னது.

"எறங்குங்க சார்! எறங்குங்க!" மேஸ்திரியின் குரல்.

இடப்பக்க மூலைக்கு விரல் எட்டவில்லை. இங்கேதான் எனக்குப் பெரிய போராட்டம். முக்கால்வாசி பார்த்தாகிவிட்டது, இறங்கி "இல்லை" என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தேன். தவமணி மரத்தைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரிடம் "இன்னும் ஒரு சாண் மேலே" என்றேன். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். தோள்வரை கையை நுழைத்தேன். கன்னம் மரப்பட்டையில் அழுந்தியது. மூலையைத் தொட்டேன். சுற்றிலும் தடவினேன். தூவி, ஓடு, மரத்தூள். உயிர் இல்லை. முட்டையும் இல்லை.

"பூஜ்யம்!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தியிருக்கிறேன், மேஸ்திரிக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

இறங்கியதும், வடத்தைத் திரும்பக் கட்டியதும், ரம்பம் ஓடியதும் எனக்குச் சரியாக நினைவில்லை. முதல் தூறல் விழும்போது மரம் ஏரிப் பக்கமாகச் சேற்றில் சாய்ந்தது. கிளை நுனி ஒன்று தவமணியின் வாசல் படுதாவையும் ஒரு பிளாஸ்டிக் ட்ரம்மையும் வாரிக்கொண்டு போனது. கூரை நின்றது. கிரைண்டர் நின்றது. கதவு அவர் விட்டபடியே திறந்திருந்தது.

மழைக்கு அவர் வீட்டு வாசலில் ஒதுங்கினேன்.

"உள்ள எத்தினி இருந்துச்சு சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா என் வூட்ட அந்தரத்துல தொங்க வுட்டீங்க?"

"ஆமா."

அவர் சிரிக்கவில்லை. போய் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

அதைக் குடித்து முடிப்பதற்குள் குடையோடு ஓர் அம்மாள் வந்தார், அந்தக் காலனிக்காரர், கையில் மாவுக்கான எவர்சில்வர் தூக்கு. கூடவே போன். விழுந்த மரத்தின் படம் அதற்குள் குரூப்பில் வந்திருந்தது, குஞ்சுகள் உள்ளேயே நசுங்கிவிட்டதாக யாரோ எழுதியிருந்தார்கள். அந்த அம்மாள் தெலுங்கில் கேட்டார்: "இப்படிப் பண்ணிட்டியே தவமணி, கடைசி நாளாவது பொறுத்திருக்கக் கூடாதா?"

"எட்டுக் குதிச்சுது. எட்டும் தண்ணிக்குப் போச்சு. உள்ள ஒண்ணுமில்ல." தவமணியின் தெலுங்கு உடைந்த தெலுங்கு, ஆனால் ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை.

"உள்ளே இல்லைன்னு உனக்கெப்படித் தெரியும்? தாய் போனதை வெச்சுச் சொல்றியா?"

தவமணி என் வலது கையைப் பிடித்து அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். விரல் நுனியிலிருந்து தோள்வரை ஈரத்தோடு சாம்பல் தூவி ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு முட்டை ஓட்டுத் துண்டு. "பாரு. மூலை வரைக்கும் போய்ப் பாத்த கையி."

அந்த அம்மாள் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போனைப் பையில் போட்டுவிட்டுத் தூக்கை நீட்டினார்.

"ரெண்டு கிலோ."

தவமணி மாவை அள்ளிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தள்ளி நில்லுங்க சார். மொதல்ல போய் அந்தக் கைய கழுவுங்க, மாவுல பட்டுடப் போவுது."

கழுவினேன். அதற்கு முன்னால் பையிலிருந்து தாளை எடுத்து, இடது கையால் பிடித்துக்கொண்டு, பொந்து என்ற வரிக்கு எதிரே இருந்த கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். ஒரு தூவி அதன் மேல் ஒட்டிக்கொண்டது. தட்டிவிடவில்லை.